கிலோமீட்டர் பாய் விட்ட ஜெட்

பெரம்பலூர் வட்டாரத்தில் நடப்பன, ஊர்வன, பறப்பன அத்தனையின் வேகத்தையும் அறிந்த ஒரே மனிதர் கிலோமீட்டர் பாய்தான். டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார். லாரி ஒன்று கடந்தால், கிளாஸிலிருந்து வாயை எடுக்காமலே "அறுவத்தி ரெண்டு" என்பார். காக்கை பறந்தால் "முப்பத்தஞ்சு, எதிர்க்காத்து" என்பார். ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் இறுதி ஊர்வலம் எங்களைக் கடந்து போனது. பாய் மரியாதையாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றவர், என் காதருகே குனிந்து "மூணரை. இவ்ளோ கூட்டத்துக்கு இது ஜாஸ்தி சார்" என்றார். முன்னால் நின்றவர் துக்கத்தை மறந்து திரும்பிப் பார்த்தார்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும்தான் தெரியும். மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ஆகவே பாஸ்போர்ட்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அந்த ஊரில் ஆண் குழந்தைக்கு மீசை அரும்பும்போதே வளைகுடாவுக்கு விசாவும் அரும்பிவிடும். இவரும் துபாய்க்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். ஒரு நாள் போதும் என்று திரும்பி வந்து, பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் சாக்கில் கட்டி இவர் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். கடைக்குப் பின்னால் அவர் வீடு. மாடியில் ஓர் அறை. அந்த அறையில்தான் நான் குடியிருந்தேன், ஆனால் அது பிற்பாடு நடந்த கதை.

அவருக்கு இந்த வேகப் பைத்தியம் பிடித்தது துபாயில். வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்தில் பணக்காரர்கள் கூடி மாதிரி ஜெட் விமானம் விடுவார்களாம். ஆள் நீளத்துக்கு விமானம், கையில் ரேடியோ கன்ட்ரோல். அங்கே ஒரு ஷெட்டில் ஏ.சி. கெட்டுப்போக, இவரை அனுப்பியிருக்கிறார்கள். ரிப்பேரை முடித்துவிட்டு வெளியே வந்தவரின் மூக்கு நுனியை உரசுகிற மாதிரி ஒரு ஜெட் போயிருக்கிறது.

"காதுல பூந்துச்சு சார். இன்னைக்கு வரைக்கும் வெளிய வரல" என்பார்.

விட்டவனிடம் போய், இது இவ்வளவு வேகம் போகும் என்று செய்வதற்கு முன்னாலேயே எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அவன் சொன்னானாம்: முதலில் வேகத்தை முடிவு செய்; எடை, இறக்கை, எஞ்சின் எல்லாம் அதன் பின்னாலேயே வரும். மற்றவர்கள் துபாயிலிருந்து தங்கம் கொண்டுவந்த காலத்தில் பாய் இந்த ஒரு வாக்கியத்தையும் ஒரு ரேடியோ செட்டையும் கொண்டுவந்தார். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, இது என்ன என்று கேட்டார். பாய் பொய் சொல்லத் தெரியாதவர். விமானம் ஓட்டுகிற கருவி என்றார். எந்த விமானம் என்றார் அதிகாரி.

"இன்னும் செய்யல சார். வேகம் மட்டும் முடிவாயிருக்கு."

அன்றைக்கு அவர் வெளியே வரும்போது, அழைத்துப்போக வந்த வாடகைக் கார் காத்திருந்து அலுத்து ஊர் திரும்பிவிட்டிருந்தது.

ஜெட் செய்ய வேண்டுமென்றால் முதலில் காற்றின் வேகத்தை அளக்க வேண்டும். தன் வால் வழியே பின்னால் தள்ளுகிற காற்றைவிட வேகமாக எந்த ஜெட்டும் போக முடியாது என்பது பாய் எனக்குச் சொன்ன முதல் பாடம். அதை அளக்க அவர் கண்டுபிடித்த கருவி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப். அதை வளைத்து ஓர் அட்டையில் கட்டி, உள்ளே ரோஸ்மில்க் எசன்ஸ் கலந்த தண்ணீரை விட்டார். ஒரு முனையைக் காற்று வருகிற பக்கம் நீட்டினால், வேகம் கூடக் கூட மறுபக்கத்தில் சிவப்புத் தண்ணீர் ஏறும். சரி, எவ்வளவு ஏறினால் எத்தனை கிலோமீட்டர்? அதைத் தெரிந்துகொள்ள, திருச்சி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, டியூபின் முனையை ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? பாவம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற கேஸ் என்று நினைத்தார்கள். ரத்தம் வேறு சிவப்பாகத் தெரிகிறது. ஓர் அம்மாள் தன் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்கலங்கக் கேட்டிருக்கிறார்.

"நூறைத் தொட்டா போதும்மா" என்றாராம் பாய், தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பஸ்ஸில் ஸ்பீடோமீட்டர் இருந்தது. அதன் முள் வண்டி வாங்கிய நாளிலிருந்து ஓய்வில் இருந்தது. எனவே பாய் சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லையும் தன் கைக்கடிகாரத்தையும் நம்பினார். இப்படித்தான் அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது. நான் அப்போது சாலைத் துறை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகைகளை எங்கே நடுவது என்று பார்க்கிற பொறுப்பில் இருந்தேன். ஒரு நாள் டியூபும் அட்டையுமாக ஒருவர் உள்ளே வந்தார். குறிப்பிட்ட இரண்டு கல்லுக்கு நடுவில் மட்டும் பஸ் தினமும் தொண்ணூறு போகிறது, மற்ற இடத்திலெல்லாம் எழுபது, ஆகவே உங்கள் கல் ஒன்று இடம் மாறி இருக்கிறது, வந்து அளந்து பாருங்கள் என்றார்.

நானும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், ரோஷம் வந்துவிட்டது. ஆளைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் டேப்பைப் போட்டு அளந்தேன். கல் தன் இடத்தில் கல்லு மாதிரிதான் இருந்தது. பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து அதே பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, டிரைவரிடமே கேட்டோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்த ஊர்ல எங்க மாமனார் வூடு இருக்குங்க. ரோட்டோரத்துலயே கட்டில் போட்டு ஒக்காந்திருப்பாரு. கை காட்டிருவாரோன்னு அமுத்திருவேன்."

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பாய்க்கோ ஞானம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கணக்கிலும் நமக்குத் தெரியாத ஒரு மாமனார் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் இடம் விட வேண்டும் என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து அவர் எந்த வேகத்தைக் கணக்குப் போட்டாலும் கடைசியில் "மாமனாருக்கு ஒரு அஞ்சு" என்று கழித்துக்கொள்வார். அடுத்த மாதமே அவர் மாடியறைக்குக் குடிபோனேன். வாடகையில் சலுகை எதுவும் கிடையாது. சாலைத் துறை டேப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் உள்நோக்கம்.

இனி ஜெட்டுக்கு வருவோம். டி.வி. பெட்டிக்குள் வருகிற தெர்மோகோலைச் செதுக்கி உடம்பு. அதன் வயிற்றில் ஒரு குழாய், குழாய்க்குள் சின்ன விசிறி, விசிறியைச் சுற்ற அவரே காயில் கட்டிய மோட்டார், அதற்குத் துளைபோடும் மெஷினிலிருந்து எடுத்த பேட்டரிகள். ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் வாலைச் செய்துவிடுவார். வாலில் சிவப்புப் பெயின்ட்டில் வேகத்தை எழுதுவார். முதல் ஜெட்டின் வாலில் 160 என்று எழுதியிருந்தது. அந்த வால் ஒரு மாதம் தனியாக அலமாரியில் நின்றது. வருகிறவர்களிடம் "இது நூத்தி அறுவது போகும்" என்று அந்த வாலைக் காட்டிச் சொல்வார். வால் மட்டும் தனியாக எப்படிப் போகும் என்று கேட்டவர்களுக்கு அதற்கப்புறம் அந்தக் கடையில் டீ கிடையாது.

நூற்றறுபது கடைசியில் முழு உருவம் பெற்றது. அரியலூர் போகிற வழியில், மழை ஏமாற்றிவிட்ட ஓர் ஏரி. அந்த வறண்ட ஏரிதான் எங்கள் விமான நிலையம். பாய் 'பிஸ்மில்லா' சொல்லி, ஓடிப்போய்த் தன் பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தார். ஜெட் அவர் கையை விட்டுக் கிளம்பி, அவர் கால் கட்டை விரலுக்கு முன்னால் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

அடுத்தது 140. கையால் எறிகிற வேகம் போதவில்லை என்று, என் மோட்டார் பைக்கின் பின்னால் அவர் எழுந்து நின்றுகொள்ள, நான் ஏரிக்குள் விரட்டினேன். தலைக்கு மேல் ஜெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவதைப் பார்த்த ஆடுகள் நாலு திசையிலும் சிதறின. ஆட்டுக்காரர் எங்களை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. ஜெட் ஒரு பனை உயரம் போனது, இரண்டு பனை தூரம் போனது, பிறகு கருவேலங்காட்டுக்குள் போனது. அதற்கடுத்த 120-ஐ, லாரி டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கட்டி, கவண் மாதிரி இழுத்துவிட்டோம். அது நேராக ஏரிக்கரையில் போய் மோதியது.

"வேகம் சரியாத்தான் இருந்துச்சு சார். தரைதான் குறுக்க வந்துருச்சு" என்றார் பாய்.

இவ்வளவும் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய மாமனார் வருகிற வரைக்கும். இது பஸ் டிரைவரின் மாமனார் அல்ல. பாயின் சொந்த மாமனார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பழைய அம்பாசடர் காரில், கறுப்புக் குடையும் வெள்ளைச் சட்டையுமாக வந்து இறங்கினார். இளம் வயதிலேயே கடல் கடந்து, நரைத்த பிறகுதான் ஊரோடு தங்கியவர். வாக்குச் சுத்தமானவர் என்று ஊரில் பெயர். இரண்டு வீட்டுக்குள் தகராறு என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆம்பிளை என்றால் அக்கரையில் இருக்க வேண்டும், லீவில்தான் வர வேண்டும் என்பது அவர் கொள்கை. மருமகன் திரும்பி வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. வந்தவர் தெர்மோகோலைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பொறுக்க முடியாமல், ஷார்ஜாவில் இருக்கிற தன் மகனிடம் சொல்லி விசாவே எடுத்துவிட்டார்.

பாய் எதிர்த்துப் பேசவில்லை. மாமனாருக்கு முன்னால் உட்காரக்கூட மாட்டார். ஆனால் அன்றைக்கு நின்ற வாக்கிலேயே, போகவில்லை என்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, ஜெட் இன்னும் முடியவில்லை என்றார். உண்மைக் காரணம் அதுவல்ல என்று எனக்கும் தெரியும், உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பல்கீஸ் அக்காவுக்கும் தெரியும். மாமனார் சிறிது நேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்புச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"சரி மாப்ள. அது பறந்துச்சுன்னா நீங்க இங்க இருங்க. விழுந்துச்சுன்னா நீங்க பறங்க."

விசா காலாவதியாவதற்கு இரண்டு மாதம் இருந்தது. அவர் கார் கிளம்பிப் போகும்போது பாய் அதன் வேகத்தைச் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அன்று சாயங்காலம் மாடிக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் வேகம் தவிர வேறு ஒன்றைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

"பத்துப் பன்னண்டு வருஷம் லீவுலயே வாழ்ந்தவன் சார் நான். ரெண்டு வருஷத்த ரெண்டு மாசத்துல ஓட்டணும். சோறு திங்கிறதும் ஓட்டம், சிரிக்கிறதும் ஓட்டம். கடைசி வாரம் வூடு வூடாப் போயி பயணம் சொல்லிட்டு வருவேன் பாருங்க, அப்ப காலு வாசப்படியத் தாண்டாது. இப்பதான் அவ பக்கத்துல ஒக்காந்து நிதானமா ஒரு டீ குடிக்கிறேன். திரும்பப் போகச் சொன்னா தாங்க மாட்டேன்."

பயணம் சொல்வது என்றால், வெளிநாடு கிளம்புகிறவர் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் விடைபெற்றுக்கொண்டு வருவது. அந்த ஊரில் அதைச் செய்யாமல் யாரும் கப்பலோ விமானமோ ஏற மாட்டார்கள். மனிதர் எதையும் விளையாட்டாகவே பேசுகிறவர்; கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. டேப் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் பாய் என்றேன். வேறு என்னிடம் என்ன இருந்தது?

அடுத்த ஜெட்டின் வால் 110 என்ற எண்ணோடு தயாரானது. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். மாமனாருக்கு ஐந்து கழித்தார். நிலைமையை உத்தேசித்து இன்னொரு ஐந்தும் கழித்தார். ஒரு மதியம் பாயும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றில் கோடு போட்டு அவர் எனக்கு ஜெட்டின் வேகத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பல்கீஸ் அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றபடி கேட்டார்.

"இவ்ளோ வேகமாப் போகும், இவ்ளோ வேகமாப் போகும்ங்கிறீங்களே, எவ்ளோ மெதுவாப் போகும்?"

"ஜெட்டு எதுக்கு மெதுவாப் போகணும்?"

"கெளம்புறப்ப மெதுவாத்தானே இருக்கும்? எறங்குறப்பவும் மெதுவாத்தானே வரணும்? அதுக்கு அந்தக் குட்டி றெக்கை பத்துமா?"

பாய் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி இருந்தார். கை காய்ந்துபோய்விட்டது. பிறகு எழுந்து கைகூடக் கழுவாமல் கடைக்குள் போனார். எடையை இறக்கை தாங்க வேண்டும். இறக்கை சிறியது என்றால் வேகமாகப் போனால்தான் தாங்கும். அவர் செய்த ஜெட்டுகள் எல்லாம் காற்றில் நிற்பதற்கே எழுபது எண்பது வேகம் கேட்டிருக்கின்றன. வீசுகிற கைக்கு அதில் பாதிகூட இல்லை; பைக்கும் லாரி டியூபும்கூட அதை எட்டவில்லை. அத்தனை நாளும் உச்ச வேகத்தையே கணக்குப் போட்டவர், அடி வேகம் என்று ஒன்று இருப்பதையே யோசிக்கவில்லை.

"என் கை முப்பதுதான் சார் போகுது. நான் எறிஞ்சதெல்லாம் ஜெட்டு இல்ல, கல்லு" என்று அன்று சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னார்.

110-ஐ அழித்தார். அழித்த இடத்தில் புது எண்ணை எழுத அவருக்கு இரண்டு நாள் மனசு வரவில்லை. கடைசியில் 65 என்று எழுதினார். பேட்டரியில் பாதியைக் கழற்றினார். இறக்கையை இரண்டு பங்காக்கினார். செய்து முடித்தபோது அது ஜெட் மாதிரி இல்லை. அடைகாக்கிற கோழி மாதிரி இருந்தது. லாரிக்காரன்கூட இதை ஓவர்டேக் பண்ணிவிடுவான் என்று வருத்தப்பட்டார். பண்ணட்டுமே என்றார் பல்கீஸ் அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த பிற்பாடு எல்லோரும் ஏரிக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமனார் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடு ஏரியில் நின்றார். பல்கீஸ் அக்கா காருக்குப் பக்கத்தில் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு மூங்கில் கம்புகளை டேப் பிடித்து நட்டுவிட்டு, கடிகாரத்தோடு காத்திருந்தேன். பறந்தால் போதும் என்றுதான் பேச்சு. வேகத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் வேகத்தை அளக்காமல் பறக்கிற விமானம் பாய்க்கு விமானமே அல்ல.

லாரி டியூபை இழுத்து விட்டோம். கோழி கிளம்பியது. கிளம்பியது என்றால், உண்மையாகவே கிளம்பியது. தள்ளாடியது, மூக்கைத் தூக்கியது, உய்யென்று ஒரு சத்தத்தோடு எங்கள் தலைக்கு மேல் ஏறி நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாய் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய வட்டம் போட்டு, மூங்கில் கம்புகளுக்கு நடுவே அதைக் கொண்டுவந்தார். நான் கணக்குப் பார்த்து "அறுவத்தி ரெண்டு பாய்" என்று கத்தினேன்.

"மூணு கொறையுது. மாமனார் சாப்ட்டுட்டாரு" என்று பதிலுக்குக் கத்தினார் பாய்.

"நான் என்னத்த சாப்ட்டேன்?" என்றார் குடைக்குக் கீழே நின்ற மாமனார்.

அவருக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பாய்க்கு ஜெட்டை இறக்கத் தெரியாது. எப்படித் தெரியும்? அதுவரை எதுவும் இறக்குகிற அளவுக்கு ஏறியதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அதே நேரத்தில் அதே விஷயம் உறைத்திருந்தது. மறுபடி ஒரு வட்டம் போட்டார். ஜெட் சூரியனுக்கு நேரே போனது. கண் கூசியது. வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. இடது பக்கம் திருப்புகிறேன் என்று எதையோ திருப்ப, அது ஏரிக்கரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. உய் என்ற சத்தம் தேய்ந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது.

பாய் ரேடியோவின் குச்சிகளை இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தார். பல்கீஸ் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமனார்தான் முதலில் அசைந்தார்.

"நீங்க இங்கயே இருங்க மாப்ள. வழக்குக்காரர் வரக் கூடாது. நானும் இந்தத் தம்பியும் போய்ப் பாத்துட்டு வரோம்."

இருவரும் கரையேறி இறங்கினோம். அந்தப் பக்கம் மானாவாரிப் பருத்திக் காடு. காய் வெடித்து, காடு முழுக்க வெள்ளை வெள்ளையாக இருந்தது. மாமனார் முன்னால் போனார். முழங்கால் வலிக்காரர், ஆனாலும் நிற்கவில்லை. ஒரு பாத்தியைத் தாண்டியதும் சட்டென்று நின்றார். நானும் பார்த்தேன். இறக்கை ஓர் இடத்தில், உடம்பு ஓர் இடத்தில், பருத்தியோடு பருத்தியாகத் தெர்மோகோல் இறைந்து கிடந்தது. வால் மட்டும் சேதமில்லாமல் ஒரு செடியில் சாய்ந்து நின்றது. 65.

முடிந்தது, பாய் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாமனார் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏரிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கரை மறைத்தது. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி, இங்க பருத்திதானே கெடக்கு?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவசரமாகச் சொன்னேன்.

"ஆமாங்க. பருத்திதாங்க."

"ஆமா. இந்த வருஷம் நல்ல வெளைச்சல்" என்றார்.

குடையை மடக்கினார். வாலை எடுத்து மடக்கிய குடைக்குள் செருகி, நாடாவை இழுத்துக் கட்டினார். குடை கர்ப்பமாகத் தெரிந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் வெறும் தலையோடு கரையேறினார். நான் பின்னாலேயே போனேன்.

ஏரியில் பாயும் அக்காவும் எழுந்து நின்றார்கள். மாமனார் நேராக மருமகனிடம் போனார்.

"பறந்தத நான் என் கண்ணால பாத்தேன். விழுந்தத நான் பாக்கல. பாக்காததுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். அந்த விசாவுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லி மவனுக்குச் சொல்லிர்றேன்."

அவ்வளவுதான். குடையோடு காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பல்கீஸ் அக்கா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சிரித்தாரோ என்னவோ, தோள் குலுங்கியது. பாய் வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் காயில் கட்டினார், ஜெட் விட்டார், இறக்கவும் கற்றுக்கொண்டார். வேகம் மட்டும் எழுபதைத் தாண்டவில்லை. காணாமல் போன அறுபத்தைந்தைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அது அரியலூர் ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கும் என்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். பிறகு எனக்கு மாற்றல் வந்து ஊரை விட்டுப் போய்விட்டேன்.

சில வருஷம் கழித்து மாமனார் மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. லப்பைக்குடிக்காட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். வீட்டில் கூட்டம் கலைந்திருந்தது. பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. இருவரும் வாசல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாமனாரின் பெருமைகளைப் பேசிக்கொண்டிருந்தோம். வாக்குத் தவறாதவர், பொய்யே சொல்லாதவர் என்று நான் ஏதோ சொன்னேன். பாய் தெருவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு ஜெட்டு எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும் சார்."

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன்.

"சத்தம் நின்ன ஒடனேயே கணக்குப் போட்டுட்டேன். வேகம் தெரியும், காத்து தெரியும். கரையத் தாண்டுன பருத்திக் காடு. பத்தடி முன்ன பின்ன இருக்கலாம். அப்புறம் மாமா வெயில்ல குடைய மடக்கிக்கிட்டு வந்தாரா, வாலு எங்க இருக்குன்னும் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் பாய் நீங்க ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா மாமா குடைய விரிச்சிருக்கணுமே சார்."

பல்கீஸ் அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பாய் அதை ஆற அமரக் குடிக்க ஆரம்பித்தார். எனக்குத் திருச்சிக்குக் கடைசி பஸ் புறப்படுகிற நேரம். எழுந்தவன் என்ன நினைத்தேனோ, மறுபடி உட்கார்ந்து அவரோடு டீ குடித்தேன்.